நின்று ஆடுவதும் படுத்து ஆடுவதும்

என் தங்கைக்கு அம்மா அப்பா பார்த்துப் பார்த்து வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கேட்டால் எங்கள் பழைய தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘முழங்கை’ என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

அந்தப் பெயர் அவளுக்குக் கிடைத்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வீடியோ கேம் கடையில். தகரக் கூரை, ஜன்னல் கிடையாது, வாசலில் பிளாஸ்டிக் பட்டைகள் தொங்கும் திரை. உள்ளே ஆளுயர மெஷின்கள் வரிசையாக நிற்கும். சூடான ஒயர் வாசனையும் வியர்வை வாசனையும் கலந்து அடிக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் என் கால் தானாக அங்கே போய்விடும். என்னை இழுத்துவர அம்மா தங்கையை அனுப்புவாள். அவளும் வந்து என் காதைப் பிடிப்பாள். ஆனால் அந்த ஆட்டம் முடியும்வரை திருக மாட்டாள். அந்த அளவு நியாயம் அவளிடம் இருந்தது.

நான் விழுந்து விழுந்து ஆடிய ஆட்டத்தின் பெயர் ‘இரும்புத் தெரு’. சிவப்புச் சட்டை, நீலச் சட்டை என்று இரண்டு துறைமுகக் கூலிகள். ஊரை மிரட்டும் கும்பலை அடித்துக்கொண்டே தெருத் தெருவாகப் போய், கடைசியில் அந்தக் கும்பல் தலைவன் உட்கார்ந்திருக்கும் பெரிய நாற்காலியைப் பிடிக்க வேண்டும். ஒரே மெஷினில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடலாம். நடுவில் ஒரு தொழிற்சாலை லிஃப்ட் வரும். அது கீழே இறங்க இறங்க ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து தடியர்கள் உள்ளே குதிப்பார்கள். ஓட இடம் இருக்காது. நான் எப்போதும் அந்த லிஃப்டில்தான் சாவேன்.

நாங்கள் பையன்கள் எல்லோரும் பறந்து பறந்து உதைப்போம். பார்க்க ஜோராக இருக்கும், பாதி உதை காற்றில் போகும். ஒருநாள் என் தோளுக்குப் பின்னாலிருந்து தங்கை சொன்னாள்.

“அண்ணா, நீ ஏன் அவனுங்களைத் தேடிப் போற? திரும்பி நில்லு. அவனுங்களே வருவானுங்க.”

வீராப்பாக நகர்ந்து கொடுத்தேன். அவள் சிவப்புச் சட்டைக்காரனைத் திருப்பி, எதிரிகளுக்கு முதுகைக் காட்டி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல நிற்க வைத்தாள். தடியன் நெருங்கியதும் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினாள். பின்பக்கமாக ஒரு முழங்கை இடி. தடியன் சுருண்டான். அடுத்தவன் வந்தான், அவனுக்கும் அதுவே. அசிங்கமான அடிதான், ஆனால் தப்பாத அடி. லிஃப்டில் கூட்டம் கூடினால் அந்த மெஷினுக்கே மூச்சு வாங்கும். படம் இழுத்து இழுத்து மெதுவாக ஓடும். நாங்கள் அதைத் திட்டுவோம். அவளோ அந்த நேரத்தில்தான் யாரை முதலில் சாய்ப்பது என்று யோசிப்பாள். கடைசியில் தலைவனையும் சாய்த்து, ஒற்றை ஆளாக நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாத கடைக்காரர் அதற்குப் பிறகு அவள் வந்தால் மட்டும் மெஷின் கண்ணாடியைத் துண்டால் துடைத்து வைப்பார்.

கடை பிறகு டயர் கடையாகிவிட்டது. தங்கை சீட் தைக்கும் வேலை கற்றுக்கொண்டு ஒரு பட்டறையில் சேர்ந்தாள். சோபா, சினிமா தியேட்டர் இருக்கை, பஸ் சீட் எல்லாம் அங்கே வரும். மாப்பிள்ளை அங்கே வந்தது சண்டை போடத்தான். அவர் பஸ் டிரைவர். புதிதாகத் தைத்த டிரைவர் சீட் இடதுபக்கம் சாய்கிறது என்று புகார். தங்கை பஸ்ஸில் ஏறி அந்தச் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “சீட் சாயலைங்க, நீங்கதான் சாயுறீங்க” என்றாளாம். அவர் மறுவாரமும் புகாரோடு வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். பட்டறையில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பேச வந்தபோது அவர் உண்மையாகவே கொஞ்சம் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து டிப்போவில் அந்த விபத்து நடந்தது. பஸ் கூரைமேல் ஏறி, காற்றுக்குத் திறக்கும் மூடியைச் சரிபார்த்துவிட்டு இறங்கும்போது ஏணியில் கால் வழுக்கி, தரையில் முதுகு அடிபட விழுந்துவிட்டார். முதுகெலும்பில் விரிசல். ஆபரேஷன் வேண்டாம், அசையாமல் படுக்க வேண்டும், பிறகு பெல்ட் கட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எழ வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாள் முழுக்கப் பயணிகளோடு வாயாடிக்கொண்டே வண்டி ஓட்டிய மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவருடைய அம்மா கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினாள். டிப்போ நண்பர்கள் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் வந்து, தாழ்ந்த குரலில் பேசி, கட்டில் ஓரத்தில் சீட்டாடிவிட்டுப் போனார்கள். ஒருநாள் அவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

“மச்சான், இன்னைக்கும் நான்தான் ஜெயிச்சேன். எல்லாரும் என்கிட்ட தோக்குறாங்க. கையில இருக்கிற சீட்டைப் பார்த்து ஆடல, என் மூஞ்சியைப் பார்த்து ஆடுறாங்க.”

நான் தலையணையைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தேன்.

அந்த மாதத்தில்தான் பட்டறையில் உடன் வேலை செய்யும் ஒரு பெண் வீட்டு அலமாரியை ஒழித்தபோது கிடைத்தது என்று, டிவியில் மாட்டி ஆடும் பழைய கேம் பெட்டி ஒன்றைத் தங்கையிடம் கொடுத்தாள். கூடவே ஒரு பை நிறைய கேசட்டுகள். அதைக் கிளறியபோது ‘இரும்புத் தெரு’ கையில் சிக்கியது. தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் சீட்டில் மிஞ்சிய பஞ்சையும் துணியையும் வைத்துச் சரிவாக ஒரு திண்டு தைத்து, படுத்தபடியே டிவி தெரிகிற மாதிரி அவர் தோளுக்கு அடியில் கொடுத்தாள். எங்கே போனாலும் இந்தச் சீட் தன்னை விடாது போலிருக்கிறது என்று அவர் சொன்னார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான்.

பெட்டியைப் போட்டதும் தங்கையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கடையில் நெஞ்சை அதிரவைத்த இசை இங்கே தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் வந்தது. பீரோ மாதிரி தோள் கொண்ட சிவப்புச் சட்டை தீக்குச்சியாக இளைத்திருந்தான். நீலச் சட்டையைக் காணோம். இரண்டு பேர் ஆட வேண்டுமென்றால் ஒருவர் செத்தபிறகு மற்றவர் ஆடலாம், அவ்வளவுதான். தடியர்களும் இரண்டு இரண்டு பேராகத்தான் வந்தார்கள். மிச்சக் கூட்டம் வீட்டிலேயே தங்கிவிட்டது போலிருந்தது. பழக்கதோஷத்தில் முதுகைக் காட்டி நின்று இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. தடியன் வந்து பிடரியில் ஒன்று வைத்தான்.

“இவனுக்கு முழங்கையே தெரியலண்ணா” என்றாள் என்னிடம், ஏதோ சாவுச் செய்தி சொல்வதுபோல. “முன்னப்பின்ன தெரியாத ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து இவன்தான் உன் சித்தப்பான்னு சொல்ற மாதிரி இருக்கு.”

வீட்டு ஆட்டத்தின் கணக்கே வேறு. கடை மெஷினில் வீரன் எல்லா அடியும் தெரிந்தவனாகவே வந்து இறங்குவான். வீட்டில் அவனுக்கு ஆரம்பத்தில் ஒரு குத்தும் ஒரு உதையும்தான். அடிக்க அடிக்க, ஒவ்வொரு வித்தையாகக் கூடும். தங்கைக்கு இது மானக்கேடாகப் பட்டது. மாப்பிள்ளைக்கோ அதுதான் பிடித்துப்போனது. அவனுக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் ஒன்றும் தெரியாது, ஜோடி சரியாக இருக்கும் என்று சொல்லி ரிமோட்டை வாங்கிக்கொண்டார்.

காலையில் பிசியோதெரபி அம்மா வந்து அவரை ஒருக்களிக்கப் பழக்குவார். பிற்பகலில் மாப்பிள்ளை சிவப்புச் சட்டைக்கு முழங்காலால் இடிக்கப் பழக்குவார். அவர் உட்கார ஆரம்பித்த வாரத்தில் சிவப்புச் சட்டைக்கு முழங்கை அடி வந்து சேர்ந்தது. அன்று வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அவர் தங்கையைக் கூப்பிட்டார். வலி வந்தால் ஒரு பட்டனைத் தட்டி ஆட்டத்தை நிறுத்தி வைப்பார். தடியர்கள் ஓங்கிய கையோடு அப்படியே நிற்பார்கள். மாத்திரை போட்டு, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தட்டுவார். கடை மெஷின் யாருக்காகவும் நின்றதில்லை. இந்த ஒரு விஷயத்தில் வீட்டு ஆட்டம் நல்ல பிள்ளைதான் என்று தங்கையே வாய்விட்டு ஒப்புக்கொண்டாள்.

சீக்கிரத்திலேயே அவர் அவளை மிஞ்சிவிட்டார். லிஃப்ட் இருந்த இடத்தில் வீட்டு ஆட்டத்தில் ஒரு குகை இருந்தது. பள்ளத்துக்குப் பள்ளம் கோணலாக ஏறித் தாண்ட வேண்டும். கடை மெஷினில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை முஷ்டியால் பிடித்து ஆட்டிப் பழகிய தங்கைக்கு, கட்டைவிரலால் ஆடும் அந்தக் குட்டி ரிமோட் படியவில்லை. பள்ளம் தவறாமல் விழுந்தாள். அவர் படுத்துக்கொண்டே தாண்டித் தாண்டிப் போவார். கடையில் ஒரு லிஃப்ட் இருந்தது, அதில் வந்து பாருங்கள் என்று இவள் சொன்னால், எந்த லிஃப்ட், என்ன லிஃப்ட் என்று அவர் வாரிவிடுவார். நான் சாட்சி சொன்னேன். அண்ணனும் தங்கையும் சேர்ந்து கதை விடுகிறீர்கள் என்று என்னையும் சேர்த்துக் கிண்டலடித்தார்.

சிரிப்புக்குக் கீழே அவருக்கு வேறொரு அரிப்பு இருந்தது. ஒருநாள் அவள் காய்கறி வாங்கப் போயிருந்தபோது என்னிடம் கேட்டார்.

“மச்சான், உண்மையைச் சொல்லுங்க. அவ நெஜமாவே தோக்குறாளா, இல்ல எனக்கு விட்டுக்கொடுக்கிறாளா?”

அவளுக்கு அப்படியெல்லாம் வராது, சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட ஒரு ஆட்டம் விட்டுக்கொடுத்ததில்லை என்றேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எல்லோரும் தோற்கிற வீட்டில் ஜெயித்து என்ன பயன்?

பெல்ட் கட்டிக்கொண்டு அவர் நடக்க ஆரம்பித்த சமயம், புது வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் பந்து உருட்டி விளையாடும் கூடம் ஒன்றைத் திறந்தார்கள். அதன் பெஞ்சுகளுக்கு மெத்தை தைத்தது தங்கையின் பட்டறை. அளவெடுக்கப் போன இடத்தில், ஒரு மூலையில் பழைய மெஷின்களை வரிசையாக நிறுத்தியிருப்பதைப் பார்த்திருக்கிறாள். மூன்றாவதாக நின்றது ‘இரும்புத் தெரு’. அளவெடுக்கும் டேப்பைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டதாகப் பட்டறைக்காரர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அவரை ஆட்டோவில் ஏற்றி அங்கே கூட்டிப்போனாள். வா அண்ணா, நீயும் சாட்சிக்கு வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டாள்.

மெஷினின் முன்னால் போய் நின்றதும் மாப்பிள்ளை சிவப்புச் சட்டையின் தோளைப் பார்த்தார். தெரு முழுக்க அடைத்துக்கொண்டு வந்த கூட்டத்தைப் பார்த்தார்.

“இவ்வளவு பேரா?” என்றார் மெதுவாக.

“இது ஆரம்பம்தாங்க” என்றாள் தங்கை. அவள் சிவப்பு, அவர் நீலம்.

முதல் தெருவில் அவர் திணறிவிட்டார். கட்டைவிரலுக்கு அங்கே வேலையே இல்லை. கம்பியை எப்படிப் பிடிப்பது என்று அவள் தன் கையைக் காட்டினாள். அவர் கையைத் தொட்டுத் திருத்தவில்லை. இரண்டாவது தெருவில் அவருக்குப் பிடி கிடைத்துவிட்டது. லிஃப்ட் வந்ததும், “அட, நெஜமாவே இருக்கு” என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். கதவு திறந்து தடியர்கள் குதித்தார்கள். மெஷினுக்கு மூச்சு வாங்கியது. படம் மெதுவானதும் அவர் பதறப் பார்த்தார். பயப்படாதீர்கள், இது யோசிக்கிற நேரம், முன்னால் வருபவனை நீங்கள் பாருங்கள், பின்னால் வருபவன் என் பொறுப்பு என்றாள். சிவப்பும் நீலமும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று லிஃப்டைக் காலி செய்தார்கள். பந்து உருட்ட வந்தவர்கள் அதை விட்டுவிட்டு இங்கே வந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

அவர் நெற்றியில் வியர்வை ஓடியது. நான் ஒரு ஸ்டூலை நகர்த்திக் கொண்டுபோய்ப் பின்னால் வைத்தேன். அவர் திரும்பாமலே காலால் தள்ளிவிட்டார்.

நாற்காலி அறை வந்தது. தலைவன் விழுந்தான். வீட்டு ஆட்டத்தில் அதோடு சுபம். அவர் கம்பியை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆனால் இசை நிற்கவில்லை. நாற்காலி ஒன்று, ஆள் இரண்டு. சிவப்பும் நீலமும் ஒருவரையொருவர் பார்த்துத் திரும்பி நின்றார்கள். இரண்டு பேர் சேர்ந்து முடித்தால் மட்டும் வரும் கடைசிச் சண்டை அது.

“இது என்ன?”

“இன்னும் முடியலைங்க. இப்ப நீங்களும் நானும்.”

பெல்ட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, பாவம்மா, அவருக்கு முடியவில்லை, விட்டுக்கொடுத்துவிடு என்றார். தங்கை கணவரைப் பார்த்துக் கேட்டாள்.

“ரெடியா?”

அவர் உள்ளங்கையைச் சட்டையில் தேய்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்தார்.

சிவப்பு முதல் குத்திலேயே நீலத்தைச் சுவரோடு சேர்த்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நீலத்தை எழுப்பினார். முழங்காலால் இரண்டு கொடுத்தார். அவள் தன் பழைய வித்தைக்குப் போனாள். முதுகைக் காட்டி நின்றாள். அவர் நேராக வரவில்லை. கீழிருந்து மேலாகக் கோணலாக ஏறி வந்து அடித்தார். முழங்கை காற்றில் போனது. அந்த மெஷினில் அவள் கை தவறி அன்றுதான் பார்த்தேன். மறுபடியும் கோணலாக வந்தார், மறுபடியும் தப்பித்தார். கூட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. திரையின் மேலே இரண்டு பேருக்கும் உயிர்க்கோடு நூலாக இளைத்திருந்தது. சிவப்பு திரும்பி நின்றது. நீலம் கோணலாகக் கிளம்பியது. இந்தத் தடவை அவள் உடனே அடிக்கவில்லை. அவர் ஏறி முடித்து, கை ஓங்கும்வரை காத்திருந்தாள். பிறகு ஒரே இடி.

நீலச் சட்டை விழுந்தான். சிவப்புச் சட்டை நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் பெல்ட் கட்டிய மனிதரின் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவர் மெஷினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். ஏணியிலிருந்து விழுவதற்கு முன்னால் சிரிப்பாரே, பஸ்ஸின் கடைசி சீட்வரை கேட்கும், அந்தச் சிரிப்பு.

“மச்சான், பார்த்தீங்களா? விட்டுக்கொடுக்கல. கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்கல.”

பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, “இவ என் சம்சாரங்க” என்றார். மெடல் வாங்கியவன்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்.

தங்கைக்கு மூச்சு வாங்கியது. “அந்தக் கோணலா வர்ற வித்தையை எங்க பிடிச்சீங்க?” என்று கேட்டாள். “கடையில யாரும் அப்படி ஆடினதில்ல. ரெண்டு தடவை என்னை முட்டாளாக்கிட்டீங்க.”

“குகையில கத்துக்கிட்டேன். படுத்துக்கிட்டே.”

அப்போதுதான் கைதட்டல் வந்தது. ஸ்டூலை எடுத்து அவரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் சீட்டாட வந்த டிப்போக்காரர்களிடம் இந்தத் தோல்வியைத்தான் முதலில் சொன்னார், அடி அடியாக, கையை ஆட்டி ஆட்டி. அதன்பிறகு அவரிடம் வேண்டுமென்றே தோற்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் சீட்டில் தோற்றார், நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். தங்கை மாலை வேளைகளில் குகையோடு மல்லுக்கட்டினாள். எது அசல் ஆட்டம் என்ற வழக்கு இன்றுவரை அந்த வீட்டில் தீரவில்லை. அவள் பட்டறைப் பெண்கள் இப்போது ஞாயிறுதோறும் அந்தக் கூடத்துக்குப் போகிறார்கள். போன மாதம் அவர்களில் ஒருத்தி நாற்காலி அறைவரை போய்விட்டாளாம்.

டாக்டர் அனுமதி கொடுத்து மாப்பிள்ளை மறுபடி வண்டி எடுத்த முதல் வாரம், சொல்லாமல் கொள்ளாமல் அவர் பஸ்ஸில் ஏறினேன். கூட்டம். கடைசியில்தான் நிற்க இடம் கிடைத்தது. முதுகு எப்படி இருக்கிறது என்று முன்சீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார். அதற்குப் பதிலாக அவர் லிஃப்டில் ஆரம்பித்து, நாற்காலி அறைக்குப் போய், தான் அடிவாங்கி விழுந்ததுவரை, சிக்னலுக்குச் சிக்னல் சொல்லிக்கொண்டு வந்தார். பஸ்ஸே கேட்டுக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற பெண், “யாரு சார் அந்தம்மா, புருஷன்னுகூடப் பார்க்காம இப்படிப் போட்டு அடிச்சிருக்காங்க?” என்று கேட்டார்.

“என் தங்கச்சிங்க” என்றேன்.